சிங்கன் கட்டிலில் சலம் போகிறான்: பழிவாங்குகிறானா?

19.10.2024, பின்னேரம்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு பூனைகள். வெள்ளச்சி ஆறு வயதுப் பெட்டை. சிங்கன் மூன்று வயதுக் கடுவன், பத்து மாதத்திலேயே ஒபரேசன் செய்தாயிற்று. இரண்டும் வெளியே போவதில்லை. முந்தி வளர்த்த பூனை எங்கள் கேற்றுக்கு முன்னாலேயே பஸ்ஸில் அடிபட்டுப் போனது. அதற்குப் பிறகு யன்னல்களுக்கெல்லாம் வலை அடித்துவிட்டேன்.

இத்தனை நாளும் மண் பேசினைத் தவிர வேறெங்கும் ஒரு துளி போகாத சிங்கன், இந்த ஒரு மாதமாகக் கட்டிலில் சலம் போகிறான். அதுவும் இவர் படுக்கிற பக்கத்தில்தான். இவர் கட்டாரிலிருந்து வந்த கிழமை தொடங்கியது. தோய்க்கப் போட்ட இவருடைய சாரனில் இரண்டு தரம், புதுப் பன்பாயில் ஒரு தரம். இவரை அவன் முன்பின் கண்டதில்லை. தன் இடத்தைப் பிடித்துவிட்டார் என்று பழிவாங்குகிறான் என்றுதான் நான் நினைக்கிறேன். பூனைக்குக் கோபம் இருக்காது என்று சொல்கிறவர்கள் பூனை வளர்க்காதவர்கள்.

இன்னும் ஒரு தரம் போனால் சாக்கில் போட்டு மீன் சந்தையில் விட்டுவிட்டு வருவேன் என்று இவர் நேற்றுச் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எப்படி நிறுத்தினீர்கள்?

19.10.2024, இரவு

மூக்கை அதில் தேய்த்து எடுங்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். போன கிழமை செய்தேன். அன்றிலிருந்து என் காலடிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடுகிறான். சலம் போவது நிற்கவில்லை, அலுமாரிக்குப் பின்னாலும் போகத் தொடங்கிவிட்டான். அதைச் செய்திருக்கக்கூடாது. யாரும் செய்யாதீர்கள்.

20.10.2024

பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் தம்பி ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: நின்றுகொண்டு பீச்சுகிறானா, குந்திப் போகிறானா?

நான் அதைக் கவனித்ததே இல்லை. இன்று ஞாயிறு என்றபடியால் நாள் முழுக்க அவன் பின்னாலேயே திரிந்தேன். குந்தித்தான் போகிறான். காலை எட்டு மணியிலிருந்து பகல் இரண்டு மணிக்குள் ஏழு தரம் குந்தினான். ஒவ்வொரு தரமும் ஒரு தேக்கரண்டிகூட இல்லை. போய் முடிந்ததும் கால் விரித்து உட்கார்ந்து அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான்.

தம்பி சொன்ன விளக்கத்தை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். வாலை நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, சுவரிலோ கதவிலோ திரைச்சீலையிலோ பின்பக்கத்தைக் காட்டிப் பீச்சினால் அது எல்லைக்கு அடையாளம் வைக்கிற வேலை. ஒபரேசன் செய்யாத கடுவன்தான் கூடுதலாகச் செய்யும், பெட்டையும் சில வேளை செய்யும். நிலத்திலோ துணியிலோ குந்திப் போனால் கதை வேறு. மண் பேசின் பிடிக்கவில்லை, அல்லது உடம்புக்குள் ஏதோ வருத்தம். துளித் துளியாகப் பல தரம் போனால் வருத்தம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

கட்டிலை ஏன் தேடுகிறான் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. மண்ணில் குந்தும்போது எரிந்தால், மண்தான் எரிக்கிறது என்று பூனை எடுத்துக்கொள்ளும். எரியாத இடம் எங்கே என்று தேடும். மெத்தை, துவைக்கப் போட்ட துணி, கால்மிதி என்று மெதுவான இடமாகப் பார்த்துப் போகும். இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

22.10.2024

மிருக வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். சலம் எடுத்துச் சோதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

23.10.2024

ஒரு விசயத்தை முதல் நாள் எழுதாமல் விட்டுவிட்டேன். முக்கியம் என்று எனக்குப் படவில்லை.

மண் பேசின் முன்பு குளியலறைக்கு வெளியே மூலையில் இருந்தது. வந்த மூன்றாம் நாளே இவர் மணம் தாங்காமல் அதைத் தூக்கிப் பின் விறாந்தையில், தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டர் தானாகவே தொடங்கும். இன்று விடிய ஆறு மணிக்குக் குசினிக் கதவோரம் நின்று பார்த்தேன். சிங்கன் வந்தான். மணந்து பார்த்தான். முன்னங்கால் ஒன்றை மண்ணில் வைத்தான். டக்கென்று மோட்டர் தொடங்கியது. இரண்டு காதும் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டிவிட்டன. வைத்த காலை அப்படியே எடுத்து, உதறாமல்கூடப் பின்னால் நகர்ந்து, கிறுகி நேரே படுக்கையறைக்குப் போனான். நான் போவதற்குள் முடிந்துவிட்டது.

பழிவாங்குகிறான் என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இவர் வந்த கிழமை தொடங்கியது என்பது சரி. ஆனால் அந்தக் கிழமை வீட்டில் மாறியது இவர் மட்டும் அல்ல.

24.10.2024

பேசினைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தேன். இவருக்கு முகம் சரியில்லை. இன்று இரண்டு தரம் மண்ணில் போனான், ஒரு தரம் கட்டிலில்.

01.11.2024

நேற்றுத் தீபாவளி. ஒழுங்கை முழுக்க வெடி. இரண்டும் அலுமாரிக்கு மேலே ஏறி நள்ளிரவு வரை இறங்கவில்லை. இன்று சிங்கன் பேசினில் போய்க் குந்துகிறான், முக்குகிறான், ஒன்றும் வரவில்லை. மலம் இறுகிவிட்டது என்று நினைக்கிறேன். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொடுத்தேன். நாளைக்குப் பார்ப்போம்.

02.11.2024, விடிய 5.40

உடனே கொண்டு போங்கள் என்ற பேராதனைத் தம்பியின் பதிலை இப்போதுதான் பார்த்தேன். ஓட்டோ வந்துவிட்டது. போகிறோம்.

05.11.2024

உயிரோடு இருக்கிறான். முழுவதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் "நாளைக்குப் பார்ப்போம்" என்று எழுதியது மேலே அப்படியே கிடக்கிறது. அதை அழிக்கப்போவதில்லை.

கடுவனுக்குச் சலம் வரும் குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது. சலப்பை வீங்கி, அதிலிருந்து சளியும் மணல் மாதிரிப் படிகங்களும் சேர்ந்து வந்தால் அந்த ஒடுங்கிய இடத்தில் தக்கை போல அடைத்துவிடும். பெட்டைக்குக் குழாய் அகலம், இப்படி அடைப்பது அரிது. அடைத்துவிட்டால் சலம் பின்னோக்கி நிற்கும், சிறுநீரகம் வேலையை நிறுத்தும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அதனால் இதயம் நின்றுபோகும். இரண்டு மூன்று நாளுக்குள் பூனை செத்துவிடும். வெளியே பார்ப்பவருக்கு அது மலச்சிக்கல் போலவே தெரியும். குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வரவில்லை. நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

வைத்தியர் என் கையைப் பிடித்து அவன் அடிவயிற்றில் வைத்தார். உள்ளே ஒரு தேசிக்காய் மாதிரிக் கல்லாக இருந்தது. இதுதான் சலப்பை என்றார். மயக்கி, மெல்லிய குழாய் விட்டு எடுத்தார்கள். வந்தது தேயிலைச் சாயம் மாதிரிச் சிவப்பு. போத்தலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்தது. விரலால் தொட்டால் நறநற என்றது. குழாயோடு இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இந்த முறை சலத்தைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. இளவயதுப் பூனைகளில் பெரும்பாலும் கிருமி இருக்காதாம். பதற்றத்தோடு சம்பந்தப்பட்ட சலப்பை அழற்சி என்றார்கள். கிருமித் தொற்று வயதான பூனைகளில்தான் கூடுதலாம்.

கடுவன் வளர்க்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். குந்தியும் சலம் வரவில்லை என்றால் அன்றைக்கே, அந்த மணித்தியாலமே ஓட்டோ பிடியுங்கள். ஒன்றும் கொடுக்க வேண்டாம். நான் கொடுத்தது தேங்காய் எண்ணெய், நல்லகாலம். வலிக்குப் பனடோல் கொடுக்க நினைத்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். பூனையின் உடம்பால் பனடோலை உடைத்து வெளியேற்ற முடியாது. ஒரு குளிசை போதும், பூனை போய்விடும்.

06.11.2024

இவர் மீன் சந்தைக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சனிக்கிழமை ஓட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

10.11.2024

தண்ணீர் பற்றிக் கேட்டவர்களுக்கு.

பூனையின் மூதாதை பாலைநிலக் காட்டுப்பூனை. தாகம் குறைவு, சலத்தை இறுக்கி வைத்திருக்கும் உடம்பு. எலியைப் பிடித்துத் தின்றால் அதிலேயே பாதிக்கு மேல் தண்ணீர். நாங்கள் பைக்கற்றில் வருகிற காய்ந்த தீனியைப் போடுகிறோம், அதில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். குடித்து ஈடுகட்டும் என்று நினைக்கிறோம், அது முழுக்க ஈடுகட்டுவதில்லை. சலம் இறுகினால் படிகமும் சேரும், எரிவும் கூடும்.

இப்போது நான் செய்வது: சூடை அல்லது சாளை மீன், எது மலிவோ அது. உப்பு, மஞ்சள், வெங்காயம் ஒன்றும் போடாமல் அவித்து, முள் எடுத்து, அவித்த தண்ணீரோடு பிசைந்து கஞ்சி மாதிரிக் கொடுக்கிறேன். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு இரத்தத்தைக் கெடுக்கும், கறிச்சட்டியை வழித்துப் போடாதீர்கள். பச்சை மீனையும் தொடர்ந்து கொடுக்க வேண்டாம், பல மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கிற பொருள் உண்டு, அவித்தால் அது போய்விடும். மீன் மட்டும் போட்டு வளர்ப்பதும் சரியில்லையாம், அதனால் ஒரு நேரம் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கிறேன். கருவாடு வேண்டவே வேண்டாம். எங்கள் மாமி கருவாட்டுத் தலையைக் களவாகப் போடுவார், அவரோடுதான் இப்போது பெரிய வழக்கு.

தண்ணீர்க் கோப்பையைச் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தள்ளி வைத்தேன். அகலமான பீங்கான், மீசை விளிம்பில் முட்டாத அளவு. மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்கு மூன்று பெரிய ஈரக்கட்டி மண்ணில் கிடைக்கிறது. கட்டி பெரிதாக இருந்தால் எனக்கு அன்றைக்கு நிம்மதி.

17.11.2024

மண் பற்றிய நீண்ட குறிப்பு. கல்முனை அக்கா கேட்டார்.

கடையில் விற்கிற கட்டியாகும் மண் பென்டோனைட் களி. நல்ல சாமான், விலைதான் தாங்காது. 2022இல் பொருளாதார நெருக்கடியால் வந்த தட்டுப்பாட்டுக் காலத்தில் மட்டக்களப்பில் எனக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அமெரிக்காவிலும் 1947 வரை சாம்பலும் மணலும் மரத்தூளும்தான். அந்த வருடம் எட்வர்ட் லோ என்பவர், பக்கத்து வீட்டுப் பெண் பூனைக்கு மணல் கேட்டு வந்தபோது, எண்ணெய் உறிஞ்சுவதற்குத் தொழிற்சாலைகளில் போடுகிற களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். பூனை மண் வியாபாரம் அங்கேதான் தொடங்கியது.

நெல் உமி. எங்கள் சொந்தக்காரருக்கு அம்பாறைப் பக்கம் ஆலை இருப்பதால் சாக்குச் சாக்காகக் கிடைக்கும். ஆனால் உமியில் சிலிக்கா கூடுதல், தண்ணீரை உறிஞ்சாது. சலம் அடியில் போய்த் தேங்கி நிற்கும், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். இலேசு என்பதால் பூனை கிளறினால் வீடு முழுக்கப் பறக்கும். வெள்ளச்சி ஒரு தரம் கிளறிப் பார்த்துவிட்டு மறுகா அந்தப் பக்கமே போகவில்லை.

மரத்தூள். உறிஞ்சும். ஆனால் நுண்தூசி, பூனை தும்மிக்கொண்டே இருக்கும். என்ன மரம், என்ன மருந்து அடித்தது என்று ஆலைக்காரருக்கே தெரியாது. விட்டுவிட்டேன்.

தும்புத் தூள். பூக்கன்றுக்குக் கட்டியாக விற்கிறார்களே, அது. ஊறவைக்காமல் உடைத்து, வெயிலில் காயவைத்துப் போட வேண்டும். நன்றாக உறிஞ்சும், மணமும் குறைவு. காலில் ஒட்டிக்கொண்டு வருவது ஒன்றுதான் தொல்லை. பேசினுக்கு முன் பழைய சாக்கு ஒன்றை விரித்தால் பாதி அதில் விழும்.

கடல் மணல். என் தெரிவு இதுதான். பூனைக்கு நுண்ணிய மணல்தான் காலுக்குப் பிடிக்கும், பெரிய குறுணி பிடிக்காது. கல்லடிக் கரையிலிருந்து ஒரு வாளி எடுத்து வந்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் கழுவி, காயவைத்து, அரிதட்டில் அரித்துப் போடுகிறேன். நாய்கள் திரிகிற கரை என்பதால் மேல் மணலை எடுப்பதில்லை.

எதைப் போட்டாலும் வாசனை போட்டது வேண்டாம். ரோஜா மணம் எங்களுக்குத்தான், பூனைக்கு அது மூக்கில் குத்துவது. இரண்டு அங்குல ஆழம் போதும். பேசினின் நீளம் பூனையின் மூக்கிலிருந்து வாலடி வரை அளந்து அதைப்போல ஒன்றரை மடங்கு. கடையில் விற்கிற பெட்டிகள் குட்டிக்குத்தான் பொருந்தும். நான் சீமெந்து குழைக்கிற பெரிய தாச்சியைக்கூட யோசித்தேன், விளிம்பு சரிவாக இருப்பதால் மண் வெளியே வருகிறது. கடைசியில் இவர் துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, ஒரு பக்கத்தைச் சூடான கத்தியால் பூனை ஏறும் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைச் சைக்கிள் டியூப் சுற்றி மழுக்கிக் கொடுத்தார். கேட்காமலே செய்தார். மூடி போடவில்லை. மூடினால் மணம் உள்ளே தங்கும், பூனைக்கு வெளியே யார் வருகிறார்கள் என்று தெரியாது.

28.11.2024

மழை நிற்கவில்லை. தண்ணீர் இரண்டாம் படி வரை வந்துவிட்டது. காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்ட மத்ரசாப் பிள்ளைகளின் செய்தி கேட்ட பிறகு பூனையைப் பற்றி எழுத மனம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே இருக்கிறவர்கள் எழுதுங்கள்.

03.12.2024

17ஆம் திகதி எழுதியதைத் திருத்துகிறேன். கடல் மணல் கோடைக்குத்தான். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் கழுவிய மணல் ஒரு கிழமையானாலும் காயவில்லை. ஈர மணலில் சலம் உறிஞ்சாது, மணம் இரட்டிப்பு. வெள்ளச்சி ஈரத்தில் கால் வைக்க மாட்டேன் என்று குளியலறைத் தரையில் போனாள். அந்த வெள்ள நாட்களில் பழைய பத்திரிகையைக் கிழித்துப் போட்டுச் சமாளித்தேன். இப்போது முழுக்கத் தும்புத் தூள், மேலே ஒரு கை பென்டோனைட். புரட்டாதியிலேயே இரண்டு சாக்குத் தும்புத் தூள் காயவைத்துக் கட்டி வைத்துவிட வேண்டும். வரும் வருடம் மறக்க மாட்டேன்.

புது மண்ணுக்கு மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பத்து நாள் எடுத்தேன்.

15.12.2024

மணம் போக்குவது. ஆரையம்பதியிலிருந்து ஒருவர் டெட்டோல் ஊற்றித் துடைத்தும் அதே இடத்தில் போகிறது என்கிறார்.

டெட்டோல், லைசோல் இரண்டும் வேண்டாம். அவற்றில் உள்ள பொருட்களைப் பூனையின் ஈரலால் சமாளிக்க முடியாது. மிதித்துவிட்டுக் காலை நக்கினால் உள்ளே போய்விடும். பிளீச் ஊற்றவும் வேண்டாம். சலத்திலிருந்து வரும் அமோனியாவோடு அது சேர்ந்தால் வருகிற புகை எங்களுக்கே மூச்சை அடைக்கும். அமோனியா உள்ள கழுவும் திரவம் பூனைக்குச் சலம் மாதிரியே மணக்கும்.

சலத்தில் மணக்கிற பொருட்கள் இருக்கின்றன.  அவை காய்ந்து படிந்துவிடும், காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி மணக்கும். மார்கழியில் எல்லா வீட்டிலும் பழைய மணம் எழும்புவது இதனால்தான். அவற்றை உடைப்பதற்கு நொதியம் (என்சைம்) உள்ள திரவம் வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு போத்தல் எடுப்பித்தேன். துடைக்கிறதில்லை, நனைய ஊற்றி, ஈரத்துணியால் மூடி ஒரு நாள் விட வேண்டும். அது கிடைக்காதவர்கள் தேங்காய் வினாகிரியில் சரிபாதி தண்ணீர் கலந்து ஊற்றி, ஒற்றி எடுத்து, காய்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவி மறுநாள் கூட்டி எடுங்கள். பாதி போகும். எங்கள் பஞ்சு மெத்தையை ஒன்றாலும் மீட்க முடியவில்லை, எறிந்துவிட்டோம்.

எங்கே போயிருக்கிறது என்று கண்ணால் தேடி முடியாது. எங்கள் ஒழுங்கை முனைக் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா லைட் இருக்கிறது, அதை ஒரு இரவு இரவல் வாங்கி வந்தேன். வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு நிலத்தோடு பிடித்துப் போனால் சலம் பட்ட இடமெல்லாம் வெளிறிய மஞ்சளாக மினுங்கியது. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு இடம், சாமி அறை வாசலில் இரண்டு. சாமி அறையைக் கண்டதும் மாமிக்குத் தெரியாமல் அந்த இரவே கழுவினேன். சவர்க்காரத் தூள் பட்ட இடமும் மினுங்கும், அதனால் முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

22.12.2024

ஏறாவூர் ராத்தா கேட்டது: மகள் பிள்ளைத்தாய்ச்சி, பூனையை வெளியாக்கச் சொல்கிறார்கள். வெளியாக்கத் தேவையில்லை. பயப்படுவது டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது பூனையின் மலத்தோடு வருவது. வெளியே வந்து ஒரு நாளாவது போனால்தான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே பேசினை ஒவ்வொரு நாளும் சுத்தம் செய்ய வேண்டும், மகள் அல்ல, வேறு ஆள் செய்ய வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம். மகளும் இறைச்சியை நன்றாக அவித்துச் சாப்பிட வேண்டும், தோட்டத்து மண்ணில் கைவைத்தால் கழுவ வேண்டும். அவரைப் பார்க்கிற டொக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு: உங்களுடையது ஒபரேசன் செய்யாத கடுவன், திரைச்சீலையில் பீச்சுகிறது. முதலில் ஒபரேசன். பத்துக்கு ஒன்பது கடுவன் அதோடு விட்டுவிடும். ஜன்னலுக்கு வெளியே வேறு கடுவன் வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

14.01.2025, இரவு

பொங்கல் வெடிக்கு இந்த முறை ஆயத்தமாக இருந்தேன். நேற்றுப் பின்னேரமே இரண்டையும் நடு அறையில் விட்டேன், யன்னலுக்குப் போர்வை, உள்ளே தண்ணீர், மண் பேசின், நான் உடுத்த பழைய சட்டை ஒன்று. வானொலியை மெல்லப் போட்டேன். இவர் உள்ளேயே பாய் போட்டுப் படுத்தார். சிங்கன் ஒரு மணிக்கு எழும்பி மண்ணில் போனான், நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிறையப் போனான்.

02.02.2025

எல்லாம் சரி என்று நினைத்தபோது நேற்று மறுபடி கால்மிதியில். உடனே எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெதுவாக இருந்தது. போன அளவும் நிறைய. அப்படியென்றால் வருத்தம் இல்லை, வேறு ஏதோ.

நாள் முழுக்கப் பார்த்ததில் தெரிந்தது வெள்ளச்சி. பேசினுக்குப் போகிற ஒடுங்கிய நடையின் நடுவில் படுத்துக் கிடக்கிறாள். சண்டை இல்லை, சீறல் இல்லை. சும்மா படுத்துக்கொண்டு கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். சிங்கன் நடை வாசல் வரை வந்து, வேறெங்கோ போக வந்தவன் மாதிரித் திரும்பிப் போகிறான். ஆறு வருடமாக இவர்களுக்குள் சண்டையே இல்லை என்று... இல்லை, மூன்று வருடம், சிங்கன் வந்து மூன்று வருடம். சண்டையே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் இது எத்தனை நாளாக நடக்கிறதோ.

பூனைக்கு ஒரு மண் பேசின், மேலதிகமாக ஒன்று என்று பேராதனைத் தம்பி முதலே சொன்னார். நான் இரண்டை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். பூனைக்கு அது ஒரு இடம்தான். இப்போது மூன்று: பழைய மூலையில் ஒன்று, நடு அறையில் ஒன்று, முன் விறாந்தையில் இரண்டு பக்கமும் வழி உள்ள இடத்தில் ஒன்று. விருந்தினர் வந்தால் கண்ணில் படும். படட்டும்.

அவர் ஒரு ஆய்வையும் சொன்னார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் இந்தச் சலப்பை அழற்சி உள்ள 46 வீட்டுப் பூனைகளைப் பத்து மாதம் பின்தொடர்ந்தார்கள். 2006இல் வெளிவந்தது. வீட்டைத்தான் மாற்றச் சொன்னார்கள்: ஒளியும் இடம், ஏறும் இடம், தனி மண் பேசின், விளையாட்டு, பூனைகளுக்குள் இழுபறி குறைப்பது. சலத்தொல்லை நன்றாகக் குறைந்தது, பயமும் பதற்றமும் குறைந்தன. அலுமாரிக்கு மேலே ஒரு சாக்கு விரித்து, ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் போட்டேன். செலவு ஒன்றும் இல்லை.

20.02.2025

கல்முனை அக்காவின் பதின்மூன்று வயதுப் பூனை குளம் குளமாகப் போகிறது, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது என்றார். அது வேறு கதை, அக்கா. சிறுநீரகமோ சீனி வருத்தமோ தைரொயிட்டோ, இரத்தம் சோதிக்காமல் தெரியாது. அதோடு வயதான பூனைக்கு மூட்டு வலிக்கும், உயர்ந்த விளிம்பை ஏற முடியாமல் வெளியே போகும். விளிம்பு நான்கு விரல் உயரம் போதும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், சலம் குறையட்டும் என்று தண்ணீரை எடுத்து வைத்ததாக எழுதியிருந்தீர்கள். இன்றே திரும்ப வையுங்கள்.

16.03.2025, பின்னேரம் 6.05

சம்மாந்துறைத் தம்பி, உங்கள் கடுவன் காலையிலிருந்து குந்துகிறது, ஒன்றும் வரவில்லை, கத்துகிறது என்று இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ளதெல்லாம் வாசிக்க வேண்டாம். நோன்பு திறந்த கையோடு புறப்படுங்கள். ஒரு கூடை, ஒரு துவாய் போதும். பொறுத்துப் பாருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போகும்போதே இரண்டு மூன்று இடத்துக்குப் போன் பண்ணி, சலக்குழாய் விடுவார்களா என்று கேளுங்கள்.

16.03.2025, இரவு 11.20

தம்பி, என்ன நடந்தது?

17.03.2025

எழுதியிருக்கிறார். இரவு ஒன்பதரைக்குக் குழாய் விட்டுச் சலத்தை எடுத்தார்களாம், சிவப்புத்தானாம். இப்போது வீட்டில் படுத்திருக்கிறது.

தம்பி, இரண்டு கிழமை தனி அறையில் வையுங்கள். எத்தனை தரம் போகிறது, எவ்வளவு போகிறது என்று ஒரு கடதாசியில் குறியுங்கள். திரும்பவும் அடைக்கிற ஆபத்து முதல் நாட்களில்தான் கூடுதல். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் மறுபடி கொண்டு போங்கள். மீனை உப்பில்லாமல் அவித்துத் தண்ணீரோடு கொடுங்கள், எங்களுக்குச் சாளைதான் சரிவந்தது. உங்கள் தண்ணீர் மோட்டர் எங்கே இருக்கிறது?